இரண்டு முழங்காலும் ஒரே நாளிலா, தனித்தனியாகவா?

மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறிக்கும் முன் எலும்பு மருத்துவரிடம் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது.

ஒரே நாளில் செய்தால் மயக்க மருந்து ஒருமுறை, மருத்துவமனையில் படுப்பதும் ஒருமுறை; மொத்தச் செலவும் பெரும்பாலும் குறையும். இரண்டு காலுமே வளைந்துபோனவர்களுக்கு நேராக நடக்கப் பழகுவதும் எளிது. ஆனால் ரத்த இழப்பு அதிகம். இதயத்துக்குச் சுமை கூடும். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலை அடைக்கும் அபாயமும் கூடுதல். முதல் சில நாட்களுக்கு ஊன்றிக்கொள்ள நல்ல கால் என்று ஒன்றும் இருக்காது.

தனித்தனியாகச் செய்தால் இடையில் சில வாரங்களோ மாதங்களோ காத்திருக்க வேண்டும். இரண்டாம் முறைக்குப் பயந்து பின்வாங்குகிறவர்களும் உண்டு. இருந்தாலும் இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை, 70 தாண்டிய வயது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

எதுவானாலும், நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அந்தக் கிருமி ரத்தத்தின் வழியே புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம்.