டிராக்கிங்கில் ‘டெலிவர்டு’, வீட்டில் ஒன்றும் இல்லை: 8,700 ரூபாய் போச்சு

லைவ் வீடியோ பார்த்து, யூபிஐயில் முன்பணம் கட்டிச் சேலை வாங்குகிறவர்கள் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். எனக்கு 8,700 ரூபாய் போய்விட்டது. பார்சல் வரவே இல்லை. ஆனால் டிராக்கிங் பக்கத்தைத் திறந்தால் ‘டெலிவர்டு’ என்று பச்சை எழுத்தில் நிற்கிறது. அதைக் காட்டியே போன இடமெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள், எப்படித் தப்பிக்கலாம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். புகார் போயிருப்பதால் பெயர் போடவில்லை. எந்த மாதிரிக் கடை என்று சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். ஆடியில் அம்மன் கோயில் கொடை. பொங்கலுக்கு வராத பிள்ளைகள்கூடக் கொடைக்கு வந்துவிடும். இந்த வருஷம் வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் ஒரே மாதிரிச் சேலை கட்டலாம் என்று மதினி ஆசைப்பட்டார்கள். மஞ்சளில் அரக்கு பார்டர். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். ஆச்சி முதியோர் பென்ஷனில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததைக் கொடுத்தார்கள். சித்தி பீடி சுற்றிச் சேர்த்ததில் கொடுத்தார்கள். “எட்டாயிரத்துச் சொச்சம்தானே, விடுங்க” என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவருக்காகத்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன். 8,700 ரூபாய் எங்கள் வீட்டில் பெரிய பணம்.

அந்தக் கடைக்குக் கட்டடம் கிடையாது. சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம், அவ்வளவுதான். ராத்திரி வீட்டு வேலை முடிகிற நேரம் பார்த்து லைவ் போடுவார்கள். சேலையை விரித்து, முந்தியைக் காட்டி, பிளவுஸ் பிட்டைத் தனியாகக் காட்டி, ஒரு கோட் நம்பர் சொல்வார்கள். பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். சேலம் இளம்பிள்ளையில் சொந்தத் தறி, தறி விலைக்கே தருகிறோம் என்றார்கள். இளம்பிள்ளை சேலைக்கு ஒரு பேர் இருக்கிறது, அங்கே நிஜமாகவே நெய்து பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் பேரையும் சேர்த்துத்தான் இவர்கள் விற்றார்கள். சேலை ஒன்று 1,450 ரூபாய். ஆறு எடுத்தால் கூரியர் இலவசம்.

எடுத்தவுடன் பணம் போட்டுவிடவில்லை. முதலில் சிஓடி, அதாவது பார்சல் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கிற வசதி, உண்டா என்று கேட்டேன். “சிஓடி போட்டா பாதிப் பேரு வாங்காம திருப்பி அனுப்பிடுறாங்க அக்கா. போக வர ரெண்டு கூரியர் சார்ஜும் எங்க தலையில விழுது” என்று கடைக்காரப் பெண் சொன்னாள். நியாயமாகத்தான் இருந்தது. சேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். உடனே வீடியோ காலில் வந்தாள். துணியைக் கையில் கசக்கிக் காட்டினாள், பார்டரைத் திருப்பிக் காட்டினாள். என் பேச்சைக் கேட்டுவிட்டு, “அக்கா திருநெல்வேலியா? எங்க அம்மாச்சி ஊரு கல்லிடைக்குறிச்சிதான். லீவு விட்டா ஆத்துலயேதான் கிடப்போம்” என்றாள். அப்பளத்தைப் பற்றிப் பேசினாள். எதற்குச் சேலை என்று கேட்டாள். கொடைக்கு என்றதும் எந்த அம்மன் என்று விசாரித்து, “சாமி காரியம் அக்கா, தப்பாம நேரத்துக்கு வந்து சேரும், நான் பொறுப்பு” என்றாள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். “நம்ம பக்கத்துப் பிள்ளைட்டி, போடு” என்றார்கள். 8,700 ரூபாயை அனுப்பினேன்.

பணம் போன கணக்கு கடைப் பெயரில் இல்லை. ஏதோ ஓர் ஆண் பெயர் வந்தது. கேட்டேன். “எங்க அண்ணன் அக்கா, கணக்கெல்லாம் அவருதான்” என்று பதில் வந்தது.

அன்றைக்கே பேக்கிங் வீடியோ அனுப்பினார்கள். என்னை முழுதாக நம்ப வைத்தது அதுதான். ஆறு சேலையையும் ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, டேப் ஒட்டி, கவர் மேல் என் பெயரையும் ஊரையும் 627இல் தொடங்கும் எங்கள் பின்கோடையும் போன் நம்பரையும் தடித்த மார்க்கரில் எழுதுவது வரைக்கும் அதில் இருந்தது. ஆச்சி திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். சித்திக்கு அனுப்பினேன், மதினிக்கு அனுப்பினேன். எங்கள் சேலை அந்தக் கவருக்குள் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு வேறு என்ன நினைக்கத் தோன்றும்? அந்தக் கவரைக் கூரியர் ஆபீஸில் கொடுத்தார்களா, கேமராவை அணைத்துவிட்டுப் பிரித்துத் திரும்ப அடுக்கினார்களா என்பது வீடியோவில் தெரியாது.

மறுநாள் டிராக்கிங் எண் வந்தது. போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. ‘இன் டிரான்சிட்’ என்று இருந்தது, மதுரை வந்தது, திருநெல்வேலி வந்தது. ஒரு நாள் காலையில் ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று மாறியது. அன்று முழுக்க நான் வீட்டைவிட்டு நகரவில்லை. சாயங்காலம் பார்த்தால் ‘டெலிவர்டு’. போன் வரவில்லை, ஓடிபி வரவில்லை, வாசலில் ஒருத்தரும் வரவில்லை.

எங்கள் ஊருக்குப் பார்சல் கொண்டு வருகிற தம்பியின் நம்பர் என்னிடம் உண்டு. கூப்பிட்டேன். “அக்கா, உங்க பேருல இன்னைக்கு ஒண்ணுமே வரலியே. வந்தா போன் போடாம இருப்பனா?” என்றான். அவன் சொன்னது உண்மை. வெயிலிலும் மழையிலும் வண்டியில் அலைகிற இந்தப் பையன்களைத்தான் எல்லாரும் முதலில் சந்தேகப்படுகிறோம். தயவுசெய்து அவர்கள் மேல் பாயாதீர்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். கடைக்கு எழுதினேன். “மேம், டெலிவர்டுனு காட்டுது. கூரியர்ல கேளுங்க.” கூரியர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்ற வைத்துவிட்டுக் கடைசியில் ஒருவர் வந்து, அனுப்பியவர்தான் புகார் கொடுக்க முடியும், நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லை என்றார். மறுபடியும் கடைக்கு எழுதினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “பார்சல் பிரிக்கும் வீடியோ கட் இல்லாம அனுப்புங்க மேம். வீடியோ இல்லைனா கிளெய்ம் கிடையாது.” வராத பார்சலை நான் எப்படிப் பிரிப்பேன்? அதையே கேட்டேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

பஸ் ஏறித் திருநெல்வேலிக்கே போனேன். கூரியர் கிளையில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “சிஸ்டத்துல டெலிவர்டு. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று காட்டுங்கள் என்றேன். காட்டக் கூடாதாம். நான் நகரவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த வயதான அண்ணாச்சி ஒருவர் எழுந்து வந்தார். எண்ணை வாங்கிப் போட்டுப் பார்த்தார். “தாயி, உங்க பார்சல் எவ்வளவு கனம் இருக்கும்?” என்று கேட்டார். சேலை ஒன்று அரைக் கிலோ என்றாலும் ஆறும் சேர்ந்து மூன்று கிலோ வருமே என்றேன். “இதுல இருநூறு கிராம்னு போட்டிருக்கு” என்றார்.

அதோடு நிற்கவில்லை. பார்சல் புறப்பட்ட இடம் சேலம் இல்லை, வேறு மாநிலம். வாங்கியவர் பெயர் என் பெயர் இல்லை. புக் ஆன தேதி, நான் பணம் போட்ட தேதிக்கு முந்தையது. நான் காசு கொடுப்பதற்கு முன்பே என் பார்சல் எப்படிக் கிளம்பியிருக்கும்? “இது உங்க பார்சலே இல்லம்மா” என்றார் அந்த அண்ணாச்சி. அங்கே என்னிடம் உண்மை சொன்ன ஒரே மனுஷன் அவர்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆக, நடப்பது இதுதான். அதே பின்கோடுக்குப் போகிற வேறு யாருடைய பார்சல் எண்ணையோ எடுத்து நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். அல்லது ஒன்றுக்கும் உதவாத சின்னக் கவர் ஒன்றை அதே பின்கோடில் வேறு விலாசத்துக்கு அனுப்பி, அந்த எண்ணைத் தருகிறார்கள். நாம் பார்க்கிற டிராக்கிங் பக்கத்தில் பெரும்பாலும் ஊர் பெயர்தான் இருக்கும். ஆள் பெயரும் தெருவும் இருக்காது. அதனால் நம் பார்சல்தான் வருகிறது என்று நினைத்து நாமும் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். அந்த எண்ணின் வேலையே நம்மைக் காத்திருக்க வைப்பதுதான். நான் ‘இன் டிரான்சிட்’ பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் என் 8,700 ரூபாய் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

வங்கியில் கேட்டால், நீங்களே யூபிஐ பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் எப்படித் திருப்புவது என்றார்கள். பணம் அனுப்பிய ஆப்பில் புகார் போட்டேன். தனி நபருக்கு அனுப்பியது, அவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கடைசியில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். அவர்கள் ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். உடனே எப்படிக் கூப்பிடுவது? பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்றல்லவா டிராக்கிங் சொன்னது!

இதற்கு நடுவில் அவர்களுடைய பக்கத்தில் கமெண்ட் போட்டேன். அழித்தார்கள். திரும்பப் போட்டேன். பிளாக் செய்தார்கள். நான் போட்ட கமெண்டை அதற்குள் பார்த்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கத்து டீச்சர் ஒருவர் எனக்கு மெசேஜ் அனுப்பினார். அவருக்கும் அதே பேக்கிங் வீடியோ, அதே ‘டெலிவர்டு’. அவரிடம் அந்தப் பெண் தன் அம்மாச்சி ஊர் தென்காசி என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொல்கிறார்கள். வீரவநல்லூரில் போய்ச் செடிபுட்டாச் சேலை எடுத்திருக்கலாமே, 2023இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறதே என்கிறார்கள். டவுன் ரத வீதியில் இல்லாத சேலையா என்கிறார்கள். ஏமாற்றியவர்களை ஒரு வார்த்தை சொல்லாமல் ஏமாந்தவளிடம் வந்து கேள்வி கேட்பது என்ன நியாயம்? கொடைக்கு ஆச்சிக்கும் சித்திக்கும் மட்டும் ரத வீதியில் அவசரத்துக்கு ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தோம். மற்றவர்கள் இருந்ததைக் கட்டிக்கொண்டோம். “ஏட்டி, அந்தச் சேலை எங்கட்டி?” என்று ஆச்சி இன்னும் கேட்கிறார்கள்.

சரி, எச்சரிக்கை எழுதுகிறேன் என்றேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். டிராக்கிங் எண் வந்ததும் முதலில் புக்கிங் தேதியையும் புறப்பட்ட ஊரையும் பாருங்கள். நீங்கள் பணம் போட்டதற்கு முந்தைய தேதியாக இருந்தாலோ, கடை சொன்ன ஊர் இல்லாமல் வேறு ஊராக இருந்தாலோ அன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள், பார்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். பணம் போனதற்கான 12 இலக்க யூடிஆர் எண் (பணம் அனுப்பிய ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குக் காட்டுகிற எண்), சாட், அந்த வீடியோ எல்லாவற்றையும் பிளாக் ஆவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். ‘டெலிவர்டு’ என்று வந்து பார்சல் வராவிட்டால் கூரியர் கிளையில் எடையையும் வாங்கியவர் பெயரையும் கேளுங்கள். கடைப் பெயர் ஒன்று, கணக்குப் பெயர் வேறு என்றால் பணம் போடவே போடாதீர்கள்.

பெரிய ஷாப்பிங் தளங்களில் வாங்கினால் பிடித்துக் கேட்க ஒரு இடமாவது இருக்கிறது. 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி அவர்கள் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். செய்யாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம். வாட்ஸாப்பில் விற்கிற ஆளுக்கு விலாசமே கிடையாது, நோட்டீஸை எங்கே அனுப்புவது?

இன்னொன்றும் இருக்கிறது. நான் புகார் சொல்ல ஆரம்பித்த பிறகு, கூரியரிலிருந்து பேசுகிறோம், ரீஃபண்டுக்கு 5 ரூபாய் கட்டுங்கள், லிங்க் அனுப்புகிறோம் என்று ஒரு போன் வந்தது. வைத்துவிட்டேன். விலாசம் சரியில்லை, பார்சல் நிற்கிறது என்று அஞ்சல் துறை பெயரில் வருகிற குறுஞ்செய்தியும் இதே வகைதான். எதையும் தொடாதீர்கள்.

1930இல் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். 8,700 ரூபாய் இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரி தங்கச்சி போனில் பார்த்தேன், அந்தப் பக்கம் லைவ் போட்டுக்கொண்டிருந்தது. அதே மஞ்சள், அதே அரக்கு பார்டர், அதே 1,450. கீழே ஆட்கள் ‘புக்டு’, ‘புக்டு’ என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சேலையை ஆர்டர் செய்திருந்தால் இப்போதே கேளுங்கள், இப்போதே 1930க்குப் போன் போடச் சொல்லுங்கள்.