கீழக்கரை மாலை நேரப் பேச்சு ஆங்கில வகுப்பு: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கீழக்கரைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடியறையில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு நடைபெறும் பேச்சு ஆங்கில வகுப்பில் சேரலாமா என்று உறவினர்கள் பலர் கேட்பதால், அங்கே படித்து முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வருபவர்களில் வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் இளைஞர்களே அதிகம். ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்தும் சிலர் வருகிறார்கள்.

வகுப்பின் பலம் ஆசிரியர்தான். தோஹாவில் நெடுங்காலம் அலுவலகப் பணி செய்து ஊர் திரும்பிய அவர், இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆங்கிலேயர் நாள்தோறும் பேசும் சிறு தொடர்களிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார். ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்று ஒருவர் கேட்டால், காத்திருக்கச் சம்மதம் என்பதற்கு ‘நோ, நாட் அட் ஆல்’ என்றுதான் விடை சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மரியாதையாக எண்ணிச் சொல்லும் ‘யெஸ்’, எனக்கு ஆட்சேபம் உண்டு என்று பொருள்பட்டுவிடும். அதேபோல், பட்டப்படிப்பு முடித்ததை நாம் ‘பாஸ்டு அவுட்’ என்கிறோம். பிரிட்டனில் அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும் என்பதால், நேர்முகத் தேர்வில் ‘கிராஜுவேட்டட்’ என்றே சொல்லப் பழக்குகிறார். ‘ரன் அவுட் ஆஃப்’, ‘டிராப் ஆஃப்’, ‘புட் ஆஃப்’ போன்ற தொடர்களை, டீசல் தீர்ந்த வண்டி, இறக்கிவிட வேண்டிய பயணி, தள்ளிப்போன விமானம் என்று நிகழ்ச்சிகளாக்கி, இருவர் இருவராக நிற்கவைத்துப் பேசச் செய்கிறார். கூச்சம் போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடல் சார்ந்த மரபுத்தொடர்களை அவர் விளக்கும் விதமும் குறிப்பிடத்தக்கது. புதிய வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்பதைக் குறிக்கும் ‘லேர்ன் தி ரோப்ஸ்’, பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று புதிய மாலுமி கற்றதிலிருந்து வந்தது என்பதைப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சொன்ன மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ‘பை அண்ட் லார்ஜ்’ என்பதும் கப்பலோட்டிகளின் வழக்கே. எதிர்க்காற்றுக்கு நெருக்கமாகவும் பின்காற்றிலும் ஓடும் கப்பலைப் பற்றிய அந்தப் பேச்சு, இன்று ‘பொதுவாகப் பார்த்தால்’ என்ற பொருளில் வழங்குகிறது.

இவ்வளவு நன்றாக நடக்கும் வகுப்பு, வாரத்தில் ஒரு மாலையை அச்சடித்த மரபுத்தொடர்ப் புத்தகத்துக்கு ஒதுக்கி வீணாக்குகிறது. அதில் முதல் பக்கத்திலேயே, கொட்டும் மழையைக் குறிக்கும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை தவிர மழை எட்டிப்பார்க்காத நம் மாவட்டத்தில் அதற்கு எப்படியும் வேலை குறைவு. இங்கிலாந்திலும் இன்று சாதாரணமாக ‘இட்ஸ் போரிங்’ (pouring, மழை கொட்டுகிறது) என்றே சொல்கிறார்கள். சொற்பயிற்சிக்கு ஆக்ஸ்போர்டு 3000 பட்டியலைத் தேர்ந்திருப்பது சரியே. தொடக்க நிலையான ஏ1 முதல் இடைநிலைக்குச் சற்று மேலான பி2 வரை தரம் பிரிக்கப்பட்ட அந்தச் சொற்கள் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியைத் தாங்குபவை. ஆனால் வாக்கியம் எதுவுமின்றி வெறும் நகலாகக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால், மறுவாரம் எதுவும் நாவில் நிற்பதில்லை.

1943 முதல் ஆங்கிலம் கற்பித்துவரும் பிபிசியின் ‘தி இங்கிலீஷ் வி ஸ்பீக்’ நிகழ்ச்சியையும் வகுப்பில் ஒலிபரப்புகிறார்கள். ஒரு தொடரை எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் உரையாடலாக விளக்கும் அது இணையத்தில் இலவசமாகவும் எழுத்து வடிவத்துடனும் கிடைக்கிறது. தெரு இரைச்சலுக்கு நடுவே கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்பதைவிட, வீட்டில் காதொலிப்பானுடன் இரண்டு முறை கேட்டுவிட்டு வருவது மேல்.

ஆங்கிலத்தை ஓரளவு படிக்கத் தெரிந்தும் பேச வராதவர்கள் தயங்காமல் சேரலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுபவர்களுக்கு இங்கே தனிக் கவனம் கிடைக்காது. பெண்களுக்குக் காலை வகுப்பு தனியாக உண்டு. மரபுத்தொடர்ப் புத்தகத்துக்குக் கட்டணத்தோடு சேர்த்துப் பணம் கேட்பார்கள். அதை வாங்குவது கட்டாயமல்ல என்பதால், சேரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.