6,500 ரூபாய்க்கு நான் வாங்கிய இலவச மென்பொருள்

பல்லடத்தில் வீட்டு மாடியிலேயே டேலி என்கிற கணக்கு மென்பொருளுக்கு வகுப்பு எடுக்கிறேன். படிக்க வருகிற பெண்கள் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதப் போகிறவர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும், "அக்கா, அந்த கிரெடிட் நோட்டு எப்படிங்க போடறது?" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். திரையில் நான் செய்வதை அப்படியே வீடியோவாகப் பதிந்து அனுப்பிவிட்டால் ஆளுக்கொரு தடவை சொல்ல வேண்டாமே என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், ஆளைப் பிடித்ததில்தான் கோட்டை விட்டேன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஒருவர் தெரிந்தவர் மூலம் வந்தார். திரையைப் பதிகிற ஏதோ ஒரு மென்பொருளைப் பென் டிரைவில் இருந்து ஏற்றினார். "லைப்டைம் லைசென்ஸுங்கக்கா, வெளியில பதினஞ்சாயிரம். உங்களுக்கு 6,500 போதும்" என்றார். ரொக்கமாகத்தான் வேண்டுமாம். பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேருமுங்க" என்றார். ஜிஎஸ்டி பாடம் எடுக்கிற நானே அதற்குத் தலையாட்டினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. பதிவில் என் குரலைவிட அந்தச் சத்தம்தான் தூக்கலாகக் கேட்டது. போன் செய்தால், "அதுக்குத் தனி சாப்ட்வேருங்க, 1,200 ஆகும்" என்றார். கொடுத்தேன். வந்து இரண்டு நிமிடம் மவுஸை ஆட்டிவிட்டுப் போனார். சத்தம் நன்றாகவே குறைந்தது, அதனால் சந்தேகமும் வரவில்லை.

11 பாடம் பதிந்து அனுப்பினேன். ஒரு பெண் கேட்டாள், "அக்கா, எச்எஸ்என் கோடு 6109-ங்களா, 6189-ங்களா?" எச்எஸ்என் என்பது ஜிஎஸ்டி பில்லில் பொருளைக் குறிக்கிற எண், பின்னலாடை டி-ஷர்ட்டுக்கு 6109. என் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரிகிற எண், வீடியோவில் ஈரக்கையால் தேய்த்த மாதிரி இருந்தது. அவரைக் கேட்டால், "உங்க மானிட்டர் பழசுங்க" என்றார்.

அப்புறம் ஒரு நாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்கிற படிவத்தின் பாடம், 40 நிமிடம் பேசி முடிக்கப் போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போனது, அது என் தப்பு. ஆனால் கரண்ட் வந்த பிறகு அந்த ஃபைல் திறக்கவே இல்லை. மீட்டுத் தர 1,500 கேட்டார். அங்கேதான் எனக்கு உறைத்தது.

கோயமுத்தூரில் படிக்கிற அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். ஹெல்ப் மெனுவில் அபவுட்டைத் திறந்து, "சித்தி, இது ஓபிஎஸ் ஸ்டுடியோ. சும்மாவே கிடைக்கும்" என்றான். 2012-லிருந்து வருகிற மென்பொருள், மூல நிரலோடு யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப் ஐகானின் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி வைத்திருக்கிறார் மனுஷன்.

மற்றதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. திரை 1920×1080, பதிவு மட்டும் 1280×720. சுருக்கிப் பதிந்தால் சின்ன எழுத்து கலங்கத்தானே செய்யும்? வீடியோ செட்டிங்ஸில் அவுட்புட் அளவையும் 1920×1080 ஆக்கியதும் 6109 பளிச்சென்று வந்துவிட்டது. 1,200 ரூபாய் 'தனி சாப்ட்வேர்' என்பது ஓபிஎஸ்ஸிலேயே மைக்கை ரைட் கிளிக் செய்து ஃபில்டர்ஸில், சத்தத்தைக் குறைக்கிற நாய்ஸ் சப்ரஷனைச் சேர்ப்பது, அவ்வளவுதான். கரண்ட் போனதும் ஃபைல் கெட்டதற்குக் காரணம், சாதாரண எம்பி4 என்கிற வீடியோ ஃபைல் வகையில் பதிய வைத்திருந்தது. அது பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் முழுமையாகும். எம்கேவி என்கிற இன்னொரு வகையில் பதிந்தால் நின்ற இடம் வரைக்கும் மிஞ்சும். பிறகு ஃபைல் மெனுவிலேயே ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுக்கக் கூலி வாங்குவதில் தப்பில்லை. 500 ரூபாய் கேட்டிருந்தால் காபியும் போட்டுக் கொடுத்திருப்பேன். இல்லாத லைசென்ஸை விற்றதுதான் வயிற்றெரிச்சல். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம்தான். கையில் பில்லும் இல்லை, பணம் அனுப்பிய பதிவும் இல்லை. எதைக் காட்டுவது?

யாராவது உங்களிடம் இப்படி விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் அந்த அபவுட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வேலையிலேயே ஐந்து நிமிடம் பதியச் சொல்லி, அதைப் போனில் போட்டு எண்கள் தெரிகிறதா என்று பாருங்கள். சின்ன வேலைக்கு ஓபிஎஸ்கூட வேண்டாம். விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலேயே பதியலாம். விண்டோஸ் கீயும் ஜியும் அழுத்தினால் வருகிற கேம் பாரும் பதியும், ஆனால் டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் எடுக்காது.

அவருக்கு மறுபடி போன் போட்டேன். "நான் வேற கஸ்டமர்கிட்ட இருக்கறனுங்கக்கா" என்று வைத்துவிட்டார். அந்தக் கஸ்டமர் யாரோ, பாவம். 11 பாடத்தில் 7 திரும்பப் பதிந்தாகிவிட்டது. மீதி 4-ஐ ஞாயிற்றுக்கிழமை, தறி நின்ற பிறகு பதிய வேண்டும்.