ஒன்பது பீச் பழங்கள் தீட்டிய பீங்கான் சாடி: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

ஹாங்காங்கின் ஹாலிவுட் சாலையில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்திருந்த எனாமல் வண்ணப் பீங்கான் சாடியை, அடுத்தடுத்து இரண்டு நாள்கள் போய்ப் பார்த்தேன். உருண்டு திரண்ட வயிறும் நேராக எழும் கழுத்துமாக, ஏறத்தாழ 50 செ.மீ. உயரம். இந்த வடிவத்தைச் சீனர்கள் 'தியான்சியூபிங்', அதாவது விண்கோளச் சாடி என்கிறார்கள். விலை 68,000 ஹாங்காங் டாலர். அட்டையில் 'சிங் வம்சம், சியன்லோங் முத்திரை' என்று எழுதியிருந்தது.

அந்த அட்டையை நிதானமாகப் படிக்க வேண்டும். 'சியன்லோங் முத்திரையும் காலமும்' என்று எழுதியிருந்தால்தான் அந்தப் பேரரசரின் ஆட்சியில் (1736–1795) செய்த பொருள் என்று விற்பவர் உறுதி சொல்கிறார் என்று பொருள். வெறும் 'முத்திரை' என்றால், அடியில் அவர் பெயர் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பீங்கான் நகரமான ஜிங்தேஜெனில் முன்னோர் காலத்து முத்திரையைப் பின்னால் வந்தவர்கள் எழுதுவது நெடுநாள் வழக்கம். ஏமாற்றுவதற்காக எழுதியவர்களும் உண்டு, மதிப்பு கருதி எழுதியவர்களும் உண்டு. பாரிஸில் ஒரு வீட்டின் பரணில், செருப்புப் பெட்டிக்குள் கிடந்த சியன்லோங் காலச் சாடி ஒன்று 2018இல் 1.62 கோடி யூரோவுக்கு ஏலம் போனது என்பதை நினைத்தால், இந்த விலையே நமக்குப் பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் ஓவியத்தைப் பற்றி மனம் நிறைந்து எழுதலாம். அடிப்பக்கத்திலிருந்து கிளம்பும் பீச் மரம் சாடியைச் சுற்றி வளைந்து ஏறி, கழுத்துவரை பூவும் இலையுமாகப் படர்கிறது. பழங்கள் ஒன்பது. பீச் நீண்ட ஆயுளுக்கு அடையாளம். சியன்லோங்குக்கு முன் ஆண்ட யோங்செங் காலத்தில் எட்டு, சியன்லோங் காலத்தில் ஒன்பது என்று சேகரிப்பவர்கள் வாய்பாடு போலச் சொல்வார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, காம்புப் பக்கம் இளம்பச்சையாக இருக்கும் பழம் நுனியை நெருங்க நெருங்கச் சிவப்பது ஒரே பூச்சு அல்ல, தூரிகை நுனியால் வைத்த நூற்றுக்கணக்கான புள்ளிகள் என்று தெரிந்தது. அந்த இளஞ்சிவப்பு, எனாமல் வண்ணத்துக்கு அடிப்படையான கண்ணாடியில் கலந்த தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களால் வருவது. ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுத்த வெண்பீங்கானின் மேல் இவ்வண்ணங்களைத் தீட்டி, 700–800 டிகிரி அளவில் மறுபடியும் சுடுவார்கள். யோங்செங்குக்கு முன் ஆண்ட காங்சியின் கடைசி ஆண்டுகளில் தோன்றி, யோங்செங் காலத்தில் முதிர்ந்த இந்த முறைக்கு 'ஃபென்சாய்' என்று பெயர்.

சாடியை வெளிச்சத்தில் சாய்த்தால் இலைகளைச் சுற்றி வெள்ளைப் பரப்பில் மெல்லிய வானவில் மினுமினுப்பு தெரிகிறது. பழைய எனாமலில் அது வழக்கமாகத் தென்படுவது. எனினும் அதை மட்டும் நம்பிக் காலம் கணிக்கக் கூடாது. அடியில் நீலத்தில் எழுதிய ஆறு எழுத்து முத்திரையின் கோடுகள் தயங்கித் தயங்கி ஓடுகின்றன. இளஞ்சிவப்பும் சில பழங்களில் சுண்ணாம்பு கலந்ததுபோல் வெளிறியிருக்கிறது. இவற்றை வைத்து, இது குவாங்சு ஆட்சிக் (1875–1908) காலத்தையோ அதை ஒட்டிய ஆண்டுகளையோ சேர்ந்த நல்ல கைவேலை என்பது என் கணிப்பு.

கடைக்காரர் அன்பாகப் பழகினார். மேசையில் கம்பளித் துணி விரித்து, என் மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, சாடியை என் கையிலேயே கொடுத்தார். முதல் நாள் கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாமென்று இரண்டு முறை சொன்னபோது, எல்லாப் பீங்கானுக்கும் சொல்கிற எச்சரிக்கைதானே என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் புற ஊதா டார்ச் கொண்டுபோய் விளக்கை அணைத்துப் பார்த்தபோது, கழுத்தின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. அதாவது, கழுத்து உடைந்து, ஒட்டி, மேலே வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, விலையையும் 52,000 ஆகக் குறைத்தார். நூறாண்டுக்கு மேல் கைமாறி வந்த சாடி உடைந்திருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் டார்ச் இல்லாமல் வருகிறவர் 68,000 கொடுத்துவிட்டுப் போயிருப்பாரே என்பதுதான் உறுத்துகிறது. இந்தச் செய்தி அட்டையிலேயே இருந்திருக்க வேண்டும்.

ஒட்டிய கழுத்துக்கு 52,000 கூட அதிகம் என்றே கருதுகிறேன். '19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கழுத்து பழுதுபார்க்கப்பட்டது' என்று ரசீதில் எழுதிக் கொடுத்தால் 40,000 தருவதாகச் சொல்லி வந்திருக்கிறேன்; இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் யாராவது பார்க்கப் போனால், சாடியின் சுவர்ப் பக்கத்தை முன்னால் திருப்பச் சொல்லிப் பாருங்கள்: ஐந்து பழங்கள் கொத்தாகத் தொங்கும் அழகான பக்கத்தை, ஏனோ, உள்நோக்கி வைத்திருக்கிறார்கள்.