பாங்காக்கில் 'அரண்மனை இன்று லீவு' என்றால் நம்பாதீர்கள்: 21,600 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த குடும்பம் போய் மாட்டும். பாங்காக்கில் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு ஆப்பில் பணம் கட்டினோம். 21,600 ரூபாய். பெயர் போடவில்லை. டிக்கெட், கைடு, வண்டி எல்லாம் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று ரீல்ஸுக்கு நடுவில் விளம்பரம் வருமே, அந்த வகை.

போனது நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு பாங்காக் என்றால் ஒரே ஒரு இடம்தான். கிராண்ட் பேலஸ் வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலில், பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் வரைந்திருக்கிறார்கள். மொத்தம் 178 ஓவியங்கள். அவர்கள் ராமாயணத்துக்கு ராமகியன் என்று பெயர். அதில் அனுமார் பிரம்மச்சாரி கிடையாது, ராவணன் மகளான கடல்கன்னியையே காதலிப்பார் என்று சொன்னதும், "அந்தக் கூத்தையும் பார்த்துடலாம் கண்ணு" என்று அம்மா கிளம்பிவிட்டார்.

பேக்கேஜில் போட்டிருந்தது: ஹோட்டலில் வந்து அழைத்துப் போவார்கள், ஆங்கிலம் பேசும் கைடு உண்டு, கிராண்ட் பேலஸ், பக்கத்தில் இருக்கும் வாட் போ, வாட் அருண் கோயில்கள் மூன்றுக்கும் நுழைவுச்சீட்டு சேர்த்தி. பணம் கட்டுமுன் சாட்டில் அம்மாவின் முழங்கால் வலியைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் அம்மாவின் வயது கேட்டார், வீல்சேர் வேண்டுமா என்று கேட்டார், "வெயில் ஏறுமுன் அரண்மனையை முடித்துவிடலாம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது" என்று எழுதினார். அந்த ஒரு வரியில்தான் பணத்தைக் கட்டினேன். இப்படி அக்கறையாகப் பேசுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

காலையில் ஒருவர் வந்தார். வணக்கம் சொன்ன கையோடு என் போனில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துகொண்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். வண்டி கிளம்பி பாதி வழியில், "இன்று அரண்மனையில் விசேஷ பூஜை, மதியம்தான் திறப்பார்கள்" என்றார். முதலில் 32 மீட்டர் உயர நின்ற கோல புத்தரைக் காட்டினார். சிலை அருமைதான், ஆனால் நாங்கள் கேட்டது அதில்லை. அப்புறம் ஒரு நகைக்கடை. 'அரசாங்க ஏற்றுமதி மையம்', இன்று மட்டும் வரி கிடையாது என்றார்கள். ஆரஞ்சு ஜூஸ் கொடுத்து உட்காரவைத்து, நீலக்கல் மோதிரத்தை அம்மா விரலில் மாட்டியே விட்டார்கள். அம்மா அதைக் கழற்றி கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, "கோயிலுக்கு எப்பப்பா போவோம்?" என்றார். அதன் பிறகு தையல்கடை. ஒன்றும் வாங்கவில்லை என்றதும் கைடின் முகம் கடுகு வெடித்த மாதிரி ஆனது.

அரண்மனை வாசலில் இறக்கிவிடும்போது மூன்றரை தாண்டிவிட்டது. டிக்கெட் கவுண்ட்டர் மூன்றரை வரைதான். அங்கிருந்த காவலரிடம் கேட்டேன்: காலை எட்டரையிலிருந்து வழக்கம்போல் திறந்துதான் இருந்ததாம், பூஜையும் இல்லை ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வண்டியைக் காணோம். வீல்சேரும் இல்லை. அந்த வெள்ளை மதிலுக்கு வெளியே நடைபாதையில் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிகாலை ஊருக்கு ஃபிளைட்.

இனிமேல்தான் ஆப்பின் லட்சணம். முதலில் பேசியது ரோபோ. "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." அப்புறம் ஒரு ஆள் வந்தார்: "உங்கள் வவுச்சர் காலையிலேயே ஸ்கேன் ஆகியிருக்கிறது, எனவே சேவை வழங்கப்பட்டுவிட்டது." பார்த்தீர்களா, அந்த க்யூஆர்! அரண்மனை திறந்திருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். மூடிய கவுண்ட்டரில் நேரம் எழுதியிருந்த பலகையின் படத்தை அனுப்பினேன். "உள்ளூர் ஏற்பாட்டாளரிடம் விசாரிக்கிறோம்" என்றார்கள். அந்த ஏற்பாட்டாளருக்கு நானே வாட்ஸ்அப் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அடுத்த நாள் புரொஃபைல் படம் காணாமல் போனது. கடைசியில் புகாரை முடித்துவிட்டு, அடுத்த புக்கிங்குக்கு 5 சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 21,600 ரூபாய்க்குப் பதில் கூப்பன்! நான் எழுதிய ரிவ்யூவையும் தூக்கிவிட்டார்கள்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: அரண்மனைக்கு ஆளுக்கு 500 பாட், வாட் போ 300, வாட் அருண் 200. மூன்று பேருக்கு 3,000 பாட், அதிகம் போனால் ஒன்பதாயிரம் ரூபாய். நாங்கள் கொடுத்தது 21,600, ஒரு டிக்கெட்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. மெட்ரோவில் சனாம் சாய் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வாட் அருணுக்கு தா தியென் படகுத்துறையிலிருந்து படகு இருக்கிறது. அரண்மனை மூடல் என்று யார் சொன்னாலும், அது கைடாகவே இருந்தாலும், வாசல் வரை போய்ப் பாருங்கள். கடைசி இடம் முடியும்வரை க்யூஆரைக் காட்டாதீர்கள். டூரிஸ்ட் போலீஸ் எண் 1155, அங்கே இருக்கும்போதே கூப்பிடுங்கள். கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்கில் புகார் (கார்டு டிஸ்ப்யூட்) போட்டிருக்கிறேன், அதற்கும் அந்த ஸ்கேன் நேரத்தைத்தான் பதிலாகக் காட்டியிருக்கிறார்களாம்.