கிளிநொச்சியில் மூன்று சனிக்கிழமை விவிலிய வகுப்பு: போய்வந்தவரின் கருத்து

முள்ளியவளையில் பதினொரு வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். ஜனவரி 1 வந்தால் லூக்கா 2:21இல் எனக்கு நாக்கு இடறும். எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து, குழந்தைக்கு இயேசு என்று பெயர் வைத்தார்கள் என்று இருக்கும். நான் பெயரை மட்டும் சொல்லி மற்றதைத் தாண்டிவிடுவேன். போன வருடம் ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், நீராவிப்பிட்டியில என்ர கூட்டாளிக்குச் செய்த சுன்னத்தும் இதுவும் ஒன்றா?" என்று கேட்டான். வீட்டில் போய்க் கேள் என்று இருத்திவிட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே கிடந்தது. விருத்தசேதனமும் திருமுழுக்கும் பற்றி வகுப்பு என்று கோயிலில் அறிவித்த அன்றே பெயர் கொடுத்தேன்.

கட்டணம் மூன்று நாளுக்கும் 600 ரூபாய், பிளேன்ரீயும் பணிஸும் சேர்த்து. காலை 9 மணிக்குத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பரந்தன் வழியாகப் போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சரி.

பாதர் முதலில் சொல்லையே பிரித்துக் காட்டினார். விருத்தம் என்றால் வட்டம், சேதனம் என்றால் வெட்டுதல். நுனித்தோலைச் சுற்றி வெட்டுவது. குரலைத் தாழ்த்தாமல் அவர் சொன்ன விதத்திலேயே எங்கள் கூச்சம் பாதி போய்விட்டது. பிறகு தொடக்க நூல் 17. ஆபிரகாமுக்கு அப்போது 99 வயது, இஸ்மயேலுக்கு 13. கடவுள் தந்த வாக்கு சந்ததியைப் பற்றியது. அதனால் அடையாளமும் சந்ததி உண்டாகும் இடத்திலேயே இடப்பட்டது என்று விளக்கினார். இத்தனை வருடம் வாசித்தும் எனக்கு அது தோன்றியதில்லை. இன்றைக்கும் யூதர்கள் எட்டாம் நாளில்தான் செய்கிறார்கள். அந்த நாள் ஓய்வுநாளில் விழுந்தாலும், குழந்தை சுகமாக இருந்தால் தள்ளிப்போடுவதில்லை. பெயரும் அன்றுதான். நாங்கள் முப்பத்தொன்றில் துடக்குக் கழிக்கிறது போல ஒரு கணக்கு என்று பின்வாங்கிலிருந்து ஒரு அம்மா சொன்னார்.

1 மக்கபேயர் முதலாம் அதிகாரத்தை ஒரு அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். யூதர்களை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கு விருத்தசேதனத்தைத் தடைசெய்கிறான். பிள்ளைகளுக்குச் செய்வித்த தாய்மாரைக் கொன்று, குழந்தைகளை அவர்களின் கழுத்திலேயே தொங்கவிடுகிறார்கள். அக்கா அந்த வரியில் நின்றுவிட்டார். புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சனங்கள் உயிரைக் கொடுத்துக் காத்த ஒன்றை நான் கூச்சப்பட்டுத் தாண்டியிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் சனி முழுவதும் திருத்தூதர் பணிகள் 15. கி.பி. 50ஐ ஒட்டி எருசலேமில் கூடிய சங்கம், பிற இனத்திலிருந்து வரும் விசுவாசிகளுக்கு இந்தச் சுமை வேண்டாம் என்று முடிவெடுத்தது. அப்படியென்றால் அடுத்த அதிகாரத்திலேயே பவுல் தன்னோடு பணிசெய்த திமொத்தேயுவுக்கு ஏன் செய்வித்தார், கலாத்தியர் 2இல் இன்னொரு தோழரான தீத்துவுக்கு ஏன் மறுத்தார் என்று நான் கேட்டேன். திமொத்தேயுவின் தாய் யூதர். யூதர்கள் நடுவில் வேலைசெய்ய அது உதவியது. தீத்து கிரேக்கர், அவருக்கு அதைக் கட்டாயம் என்று வற்புறுத்தியபோது பவுல் இணங்கவில்லை. அந்தப் பதில் ஒன்றுக்கே 600 ரூபாய் தகும்.

மூன்றாம் நாள் கொஞ்சம் அவசரம். இதயத்தின் விருத்தசேதனத்தை, அதாவது மனம் கடவுளிடம் திரும்புவதை, பழைய ஏற்பாட்டின் இணைச்சட்டமே சொல்கிறது என்பதையும், கொலோசையர் 2 அதைத் திருமுழுக்கோடு சேர்ப்பதையும் ஓடியோடி முடித்தார்கள். கொப்பி எடுத்துத் தந்த தாள்களில் கடைசிப் பக்கம் வாசிக்கவே முடியவில்லை. பெரிய குறை வேறு: முதல் நாளுக்குப் பிறகு யூத சமயம் பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோனது போல ஆகிவிட்டது. யூதர்கள் இன்றும் இந்தச் சடங்கில் இறைவாக்கினர் எலியாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார்கள். அதைப் பற்றி நான் பின்னர் தேடித்தான் படித்தேன். எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்களிடமும் எத்தியோப்பியரிடமும் இந்த வழக்கம் இன்றும் இருப்பதையும் அங்கே சொல்லியிருக்கலாம்.

மறைக்கல்வி ஆசிரியர்கள் கட்டாயம் போங்கள். நாலு சனிக்கிழமை ஆக்கினால் இன்னும் நல்லது.

அந்தப் பெடியனைப் போன ஞாயிறு கூப்பிட்டுச் சொன்னேன்: இரண்டு வழக்கமும் ஆபிரகாமை நினைக்கிறது, உன் கூட்டாளி வீட்டில் அவரை இப்ராஹிம் நபி என்பார்கள். "அப்ப எங்களுக்கு ஏன் இல்லை ரீச்சர்?" என்றான். திருத்தூதர் பணிகளைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன்.