இரட்டைக் கேத்தலில் கிர்கூக் தேத்தண்ணி: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கண்டி, ஹட்டன், நுவரெலியா பாத்திரக் கடைகளில் 'துருக்கி டீ செட்' என்று ஒரு சில்வர் இரட்டைக் கேத்தல் விற்கிறார்கள். கீழே 2 லீற்றர் கேத்தல், அதன் வாயில் மூடிபோல உட்காரும் 1 லீற்றர் சின்னக் கேத்தல், இடுப்புச் சிறுத்த ஆறு கிளாஸ், ஆறு சிறு தட்டு. பொருள் நல்லது, வாங்கலாம். ஆனால் வீட்டில் இருக்கிற தூளை அப்படியே போட்டால் கசாயம்தான் வரும். இதை எந்தக் கடையிலும் சொல்லித் தருவதில்லை.

பெட்டிக்குள் வரும் தாள் 'கிர்கூக் முறை' என்கிறது. கிர்கூக் துருக்கியில் இல்லை, வட ஈராக்கில் இருக்கிறது. அங்குள்ள துர்க்மென் மக்கள் ஈராக்கில் அரபுக்கும் குர்துக்கும் அடுத்த மூன்றாவது பெரிய இனம். மத்திய ஆசியாவின் துர்க்மெனிஸ்தானோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கள் தாயகத்தை 'துர்க்மென்எலி' என்பார்கள். வடமேற்கே சிரிய எல்லைப் பக்கமுள்ள தல் அஃபரில் தொடங்கி, அல்துன் கொப்ரி, கிர்கூக், தாகூக், தூஸ் குர்மாத்து, கிஃப்ரி வழியாக ஈரான் எல்லையோரத்து மந்தலி வரை சாய்வாக இறங்கும் நீண்ட பட்டி அது. அரபுப் பகுதிக்கும் குர்துப் பகுதிக்கும் நடுவே கிடப்பதால் இரண்டு பக்கத்து இழுபறியும் அதன் மேல்தான் விழுந்தது. 1927இல் கிர்கூக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டபின் இழுபறி இன்னும் இறுகியது. 1976இல் தூஸ் குர்மாத்துவைக் கிர்கூக் மாகாணத்திலிருந்து வெட்டிச் சலாஹுத்தீன் மாகாணத்தோடு சேர்த்தார்கள். 2014 ஜூனில் தல் அஃபர் ஐ.எஸ். ஆயுதக் குழுவின் கைக்குப் போனது, மீண்டது 2017 ஓகஸ்ட்டில். அதே 2014இல் அமிர்லி என்ற துர்க்மென் சிற்றூர் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்து தாக்குப்பிடித்தது. ஈராக்கின் 2005 அரசியலமைப்பு, துர்க்மென் மக்கள் செறிந்து வாழும் இடங்களில் அவர்கள் மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்கிறது. எல்லை மாற்றி மாற்றிக் கீறப்பட்ட மண்ணை 'துருக்கி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து விற்பது சரியல்ல. அந்தத் தாளையாவது திருத்தி அச்சடிக்க வேண்டும்.

இலங்கைத் தேயிலையை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் ஈராக்கும் ஒன்று. அங்கே போவது பெரும்பாலும் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை: முறுகிய நீள இலை, ஓ.பி., பெக்கோ போன்ற ரகங்கள். இந்தக் கேத்தல் அந்த இலைக்கானது. மேல் கேத்தல் அடுப்பைத் தொடுவதில்லை, கீழிருந்து வரும் ஆவியில்தான் சூடேறும். கொதிக்காமல் கால் மணிநேரம் ஊறும்போது நீள இலை மெதுவாகச் சாயத்தை விடும். நம் பீ.ஓ.பி.எஃப்., டஸ்ட் போன்ற தூள் ரகங்கள் எல்லாம் மூன்று நான்கு நிமிடத்தில் உள்ளதைக் கொட்டிவிடும். அதற்குமேல் சூட்டில் வைத்தால் துவர்ப்புதான் இறங்கும். தூள் வடிகட்டியின் ஓட்டைகளையும் அடைக்கும்.

செய்முறை இது. கீழ்க் கேத்தலில் ஒன்றேமுக்கால் லீற்றர் தண்ணீர். விளிம்புவரை நிரப்பினால் கொதிக்கும்போது மூக்கால் துப்பி அடுப்பை அணைக்கும். மேல் கேத்தலில் ஐந்து மேசைக்கரண்டி நீள இலையும் தட்டிய இரண்டு ஏலக்காயும் போட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை மேலேயே வைத்திருங்கள். இலை வெதுவெதுப்பாகி வாசம் கிளம்பும். கொதித்ததும் அரை லீற்றர் தண்ணீரை மேலே ஊற்றி, மூடி, தீயைச் சிறிதாக்குங்கள். கிர்கூக்கில் 12 முதல் 15 நிமிடம் போதும். மலையகத்தில் போதாது. கிர்கூக் ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 99 பாகையளவில் கொதிக்கும். ஹட்டனில் 96, நுவரெலியாவில் 94தான். ஹட்டனில் 17, நுவரெலியாவில் 20 நிமிடம் விடுங்கள். கடிகாரத்தைவிட இலையைப் பார்ப்பது நல்லது: மேலே மிதந்தால் ஊறவில்லை, அடியில் படிந்தால் ஆயிற்று.

கிளாஸில் முதலில் இரண்டு தேக்கரண்டி சீனி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சாயம், மீதிக்குக் கீழ்க் கேத்தல் தண்ணீர். கிளாஸ் 100 மில்லிலீற்றர் என்பதால் ஆறு பேருக்கு இரண்டு சுற்று வரும். பால் சேர்ப்பதில்லை.

வீட்டில் பீ.ஓ.பி. என்ற உடைத்த இலை மட்டும் இருந்தால் மூன்று கரண்டி போட்டு, ஐந்தாம் நிமிடம் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நிறமும் வாசமும் நன்றாகவே இருக்கும். ஆனால் அது ஆறினால் பால்விட்டதுபோல் கலங்கும். காரணம் கேத்தல் அல்ல, சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் கஃபீனும் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான். சூடாக்கினால் தெளியும்.

குறைகளும் உண்டு. பேக்லைட் கைப்பிடி விறகடுப்பில் கருகிவிடும், ஆகவே இது கேஸ் அடுப்புக்கு மட்டும். கிளாஸ்கள் மெலிசு, குளிர்காலக் காலையில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும். சில்வர் கரண்டியை உள்ளே வைத்து, சாயத்தை அதன் மேல் ஊற்றுங்கள். வாங்கும்போது மேல் கேத்தலைக் கீழ்க் கேத்தலின் வாயில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆடினால் ஆவி பக்கவாட்டில் போய்விடும், சாயம் இறங்காது, வேறொன்று கேளுங்கள். மலையக ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்புப் படிவது குறைவு. மேல் கேத்தலின் கறுப்புக் கறைக்கு ஒரு கரண்டி அப்பச்சோடாவைச் சுடுநீரில் கரைத்து இரவு முழுக்க ஊற்றி வைத்தால் போதும். சவர்க்காரம் போட வேண்டாம், அதன் மணம் அடுத்த இரண்டு மூன்று ஊறலிலும் தெரியும்.